கூண்டுக்கு வந்து சேரணும்: ஹோமர் புறா கேள்வி பதில்

(ஹோமர் என்பது தொலைவில் கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டுக்கே பறந்து திரும்பும் புறா. கிருஷ்ணகிரியில் அப்பா காலத்திலிருந்து ஹோமர் வளர்த்து ரேஸ் விடும் குடும்பத்தைச் சேர்ந்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பெங்களூரில் ரேஸ் ஜெயித்த ஒரு ஜோடியை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். மூன்று மாதம் அடைத்து வைத்துத் தீனி போட்டுப் பழக்கினேன். திறந்துவிட்ட அன்றே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டன. விற்றவருக்கு போன் போட்டால், "இங்கதான் இருக்கு, வந்து எடுத்துக்கோங்க" என்கிறார். இன்னும் எவ்வளவு நாள் அடைத்து வைக்க வேண்டும்? (வாசகர், பாலக்கோடு)

உங்களுக்குப் புறா விற்றவர் நல்ல மனிதர். முதலில் போய் அந்த ஜோடியை எடுத்து வாருங்கள். ஆனால் இனி அவற்றைத் திறந்தே விடாதீர்கள். குஞ்சாக இருந்தபோது எந்தக் கூரையிலிருந்து வெளியே பார்த்துப் பறந்ததோ அதுதான் ஹோமருக்கு வீடு. மூன்று மாதம் இல்லை, மூன்று வருடம் கழித்துத் திறந்தாலும் போய்விடும் பறவைகள் இருக்கின்றன. அதற்காகத்தானே அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்?

வாங்கிய ஜோடி குஞ்சு எடுக்க மட்டும். வெயில் படுகிற, காற்றோட்டமான கம்பிவலைக் கூண்டு ஒன்று அவற்றுக்குத் தனியாக இருக்கட்டும். பெட்டை முதல் முட்டையைப் பெரும்பாலும் சாயங்காலம் இடும். ஒரு நாள் விட்டு மறுநாள் மதியத்துக்கு மேல் இரண்டாவது. இரண்டாவது முட்டையிலிருந்து எண்ணினால் 17, 18 நாளில் குஞ்சு பொரியும். முதல் வாரம் தாயும் தகப்பனும் தீனிப்பையில் சுரக்கிற பாலையே குஞ்சுக்கு ஊட்டும். பறவைகளில் ஆணுக்கும் பால் சுரப்பது அபூர்வம், புறாவுக்குச் சுரக்கும். அந்த வாரத்தில் கூண்டுக்குள் வேற்று ஆள் போகவே கூடாது.

ஏழாம் நாள் வாக்கில் குஞ்சின் காலில் அடையாள ரிங் போடுங்கள். குஞ்சை இடது உள்ளங்கையில் உட்காரவைத்து, முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து ரிங்குக்குள் விட்டு, பாதத்தைத் தாண்டி மேலே தள்ளுங்கள். பின்விரல் காலோடு ஒட்டி ரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தீக்குச்சியின் மழுங்கிய முனையால் அதை மெதுவாக வெளியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு நாள் முன்னால் போட்டால் கழன்று விழும், இரண்டு நாள் தள்ளினால் ஏறாது.

நாலு வாரத்தில் குஞ்சு தானாகக் கொத்தித் தின்ன ஆரம்பித்ததும் தாயிடமிருந்து பிரித்துப் பறக்கவிடும் கூண்டுக்கு மாற்றுங்கள். கூரைமேல் ஒரு சின்ன வலைப்பெட்டி வைத்து, தினமும் தீனிக்கு முன்னால் ஒரு மணி நேரம் அதில் உட்காரவையுங்கள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னை, மலை, எல்லாவற்றையும் அது பார்த்து முடிக்கட்டும். பிறகு பசியோடு இருக்கிற ஒரு சாயங்காலம் பெட்டியைத் திறந்து, தீனி டப்பாவைக் குலுக்குங்கள். கூரையில் நடந்து, தயங்கி, கதவுக்குள் இறங்கும். இந்தக் குஞ்சுக்கு பாலக்கோடுதான் ஊர். ரேஸ் ஜெயிக்கப் போவது இதுதான், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அல்ல.

பெல்ஜியம் "நியூ கிம்" இரத்தம் என்று சொல்லி, ஜோடி 40,000 ரூபாய் கேட்கிறார் ஒருவர். வாங்கலாமா? கண்ணைப் பார்த்தே நல்ல ரேஸ் புறாவைக் கண்டுபிடிக்கலாம் என்பது உண்மையா? (வாசகர், ஓசூர்)

நியூ கிம் என்ற பெட்டை 2020 நவம்பரில் ஏலத்தில் 16 லட்சம் யூரோவுக்குப் போனது உண்மை. அன்றைக்கு நம் பணத்தில் சுமார் 14 கோடி. அதற்கு முந்தைய ஆண்டு அர்மாண்டோ என்ற ஆண் புறா 12.5 லட்சம் யூரோ. இந்தச் செய்திகள் வந்ததிலிருந்து நம்ம ஊர்ச் சந்தையில் பாதிப் புறாவுக்கு பெல்ஜியம் பாட்டி முளைத்துவிட்டாள். வம்சாவளித் தாளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். "இந்த ஜோடியின் குஞ்சுகள் எந்த ரேஸில், எத்தனை கிலோமீட்டரில், எந்த வேகத்தில் வந்தன?" என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பணத்தில் நம் பக்கத்திலேயே பல வருடம் ஒழுங்காக ரேஸ் விடுகிறவரிடம் நாலு ஜோடிக் குஞ்சு வாங்கலாம். நம் வெயிலுக்கும் நம் வழிக்கும் பழகிய இரத்தம் அது.

கண் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண் பளிச்சென்று, ஈரம் வழியாமல், கண்ணைச் சுற்றிய தோல் வெளுத்து இருந்தால் ஆரோக்கியம். அதற்கு மேல் கருவிழி வளையத்தில் எழுதியிருக்கிற ஜாதகம் எதுவும் கிடையாது.

எல்லோரும் ஓசூர் ஹைவேயில்தான் டாஸ் (ரேஸுக்குப் பழக்க, கூடையில் கொண்டுபோய்ப் பறக்கவிடுவது) விடுகிறார்கள். நானும் அப்படியே விடலாமா? எந்த வயதில், எவ்வளவு தூரத்தில் ஆரம்பிக்க வேண்டும்? (கல்லூரி மாணவர், பென்னாகரம்)

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் தம்பி. நம் மாவட்டங்களில் புறா தொலைவதில் பெரிய பங்கு இந்த இடத்தில்தான். பஸ் போகிற வழியும் புறா வருகிற வழியும் ஒன்றல்ல. அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத் என்று வடக்கே விடுகிற ரேஸுக்குத்தான் நாம் தயார் செய்கிறோம். மேப்பை எடுத்து அனந்தபூருக்கும் உன் கூரைக்கும் ஒரு நேர்கோடு போடு. உனக்கு அந்தக் கோடு ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் பக்கத்தில்தான் போகிறது. பாலக்கோடு வான்வழியில் 25 கிலோமீட்டர் போல, ராயக்கோட்டை நாற்பது சொச்சம், ஓசூர் 70-க்குக் கொஞ்சம் உள்ளே, சிக்கபள்ளாபூர் 145 வாக்கில். ஆக, உனக்கு ஹைவே சரிதான். பர்கூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. கர்னூலிலிருந்து எங்களுக்குக் கோடு நேர் தெற்கே இறங்குகிறது. நாங்கள் குப்பம், கோலார் தங்கவயல், சிந்தாமணி என்று போய்த்தான் விடுவோம். பெட்ரோல் செலவு கூடுதல்தான். ஆனாலும் ஓசூர்ப் பக்கம் விட்டுப் பழக்கினால் ரேஸ் அன்றைக்குக் குஞ்சு பெங்களூர்க் கூட்டத்தோடு சேர்ந்து மேற்கே இழுபட்டுப் போகும். கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரும்புகிற தைரியம் எல்லாக் குஞ்சுக்கும் வந்துவிடாது.

வயதைவிட முக்கியம், அது கூரையைச் சுற்றிப் பறக்கிற விதம். கூட்டமாகக் கிளம்பி, கண்ணுக்கு மறைந்து, முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புகிற பழக்கம் வரும்வரை கூடையைத் தொடாதே. பெரும்பாலும் மூன்று, மூன்றரை மாதத்தில் வரும். அப்புறம் 3 கிலோமீட்டர், 5, 10, 20, 40, 70, 100. ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறைக்கு மேல் விடு. 20-லிருந்து 40-க்குப் போகும் கட்டத்தில் ஒவ்வொன்றாக, ஐந்து பத்து நிமிட இடைவெளியில் விட்டுப் பார். முன்னால் போகிறதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற குஞ்சு எது, தானாக வழி எடுக்கிற குஞ்சு எது என்று அங்கேதான் தெரியும்.

கிளம்பும்முன் தீனி வேண்டாம், தண்ணீர் கொடு. இடத்துக்குப் போனதும் உடனே திறக்காதே. கூடையைக் கீழே வைத்து, கால்மணி நேரம் வானத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்க்க விடு. மார்கழி, தையில் ஓசூர்ப் பக்கம் மூடுபனி எட்டு மணிவரைகூட நிற்கும். சூரியன் தெளியாமல் கதவைத் திறக்கக் கூடாது, உனக்குக் காலேஜுக்கு நேரமானாலும் சரி. நேரமானால் கூடையோடு திரும்பி வந்துவிடு. அந்த மாதங்களில் வாடைக்காற்று முதுகில் தள்ளும், வேகமாக வந்து சேரும். பங்குனியில் காற்றும் வெயிலும் எதிராகத் திரும்பிவிடும். அப்போது அதே தூரத்துக்கு அதிக நேரம் கணக்கு வைத்துக்கொள்.

ஓசூர்ப் புறா காலை 10:06-க்கே வந்துவிட்டது. 11:14-க்கு வந்த தர்மபுரிப் புறாவுக்கு எப்படி முதல் பரிசு? (வாசகர், அரூர்)

நேரத்துக்குப் பரிசு இல்லை, வேகத்துக்குத்தான். அனந்தபூரில் 6:30-க்குத் திறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓசூருக்கு வான்வழி சுமார் 216 கிலோமீட்டர், 216 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 1000 மீட்டர். தர்மபுரிக்குச் சுமார் 288 கிலோமீட்டர், 284 நிமிடம், நிமிடத்துக்கு 1014 மீட்டர். கூடுதலாக எழுபது சொச்சம் கிலோமீட்டர் பறந்தும் வேகத்தை விடவில்லை பாருங்கள், அந்தப் பரிசு நியாயமானதுதான்.

என் மகன் குஞ்சிலிருந்து வளர்த்த நீலப்பட்டைப் பெட்டை கர்னூல் ரேஸுக்குப் போய் இன்னும் வரவில்லை. சோறுகூடச் சரியாகச் சாப்பிடாமல் மொட்டை மாடியிலேயே கிடக்கிறான். இனி வருமா? கூண்டைக் கூட்டிவிட்டு வந்தால் ராத்திரி அவனுக்கு இருமலும் வருகிறது. இதெல்லாம் தேவையா என்று தோன்றுகிறது. (ஒரு தாய், காவேரிப்பட்டணம்)

அம்மா, முதலில் இருமலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். புறா இறகிலிருந்து உதிரும் வெள்ளைத் தூளும் காய்ந்த எச்சத் தூசியும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கூண்டில் வேலை பார்த்த சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல் மாதிரி உடம்புவலி, மூச்சு இறைப்பு வந்தால் நெஞ்சு மருத்துவரிடம் காட்டுங்கள். "புறா வளர்க்கிறோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார். மருத்துவர் வேண்டாம் என்றால் புறாவை விட்டுவிடத்தான் வேண்டும். அதில் பேரம் பேசக் கூடாது. அதுவரை தம்பி நல்ல முகக்கவசம் இல்லாமல் கூண்டுக்குள் போகக் கூடாது. எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்காமல், லேசாகத் தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுக்கட்டும். வேலை முடிந்ததும் சட்டையை மாற்றட்டும்.

இனி பெட்டைக்கு வருவோம். கர்னூலிலிருந்து உங்கள் ஊருக்குச் சுமார் 375 கிலோமீட்டர். நல்ல வானிலையில் காலையில் விட்டால் ஆறு, ஏழு மணி நேரத்தில் வந்துவிடும். வராவிட்டால் அன்றோடு முடிந்தது என்று அர்த்தமில்லை. புறா இருட்டில் பறக்காது, எங்காவது பாறையிலோ டவரிலோ உட்கார்ந்து, விடிந்ததும் கிளம்பும். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குள் வருகிறவை நிறைய. அதற்குப் பிறகு வருகிறவை குறைவு. ஆனால் வரும். காயத்தோடு எங்கோ ஒரு தோட்டத்தில் தங்கி, ஆறின பிறகு மாதக்கணக்கில் கழித்து வந்து சேர்ந்த புறாக்களை என் கூண்டிலேயே வைத்திருக்கிறேன். அவள் பெட்டியை வேறு புறாவுக்குக் கொடுக்க வேண்டாம். நுழைகிற கதவு திறந்தே இருக்கட்டும், வாசலில் தண்ணீர் இருக்கட்டும். ஆனால் மாடியில் கிடக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அவன் மாடியில் இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் அவள் வருவது அவள் கையில்தான்.

ஏன் வரவில்லை என்றால் பைரி என்கிற வேட்டைப் பறவை அடித்திருக்கலாம். மின்கம்பியில் மோதியிருக்கலாம். கர்னூல் பக்கத்து வெயிலில் தண்ணீருக்கு இறங்கிய இடத்தில் பிடித்திருப்பார்கள். இதெல்லாம் ரேஸ் விடுகிறவன் ஏற்றுக்கொள்ள வேண்டிய நஷ்டம். ஆனால் ஏற்றுக்கொள்ள முடியாத நஷ்டம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் புறா அனுப்பிய ஒரு ரேஸில், விடுகிற ஊரில் வானம் மூடிக் கிடந்தும், திரும்பிப்போக வண்டிக்கு நேரமாகிறது என்று மேகத்துக்குக் கீழேயே கூடைகளைத் திறந்துவிட்டார்கள். பாதி மாவட்டத்தின் கூண்டு காலியானது. அவற்றில் நிறைய, கையில் பிடித்துப் பேர் வைத்த பறவைகள். அன்றிலிருந்து, "வானம் சரியில்லை என்றால் மறுநாள்வரை நிறுத்துவீர்களா, கூடையில் தண்ணீர் காட்டுவீர்களா?" என்று கேட்டு, நேரான பதில் வராத இடத்துக்கு நான் ஒரு புறாவும் அனுப்புவதில்லை. உங்கள் மகனும் அதைக் கேட்கட்டும். நுழைவுக் கட்டணம் கட்டுகிறவனுக்குக் கேட்க உரிமை உண்டு.

அவள் வந்துவிட்டால், கையில் எடுக்கும்போது நெஞ்செலும்பு கத்திமுனை மாதிரி உறுத்தும், அவ்வளவு சதை கரைந்திருக்கும். பார்த்ததும் பாவப்பட்டுக் கம்பும் கடலையும் அள்ளிப் போடாதீர்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஒரு மணி நேரம் கழித்துக் கைப்பிடிக்கும் குறைவாக கோதுமை, கம்பு. மறுநாள் வழக்கமான தீனி. இறக்கைக்கு அடியிலும் தொடையிலும் இறகை ஊதி விலக்கிக் காயம் இருக்கிறதா பாருங்கள். இந்த வருடம் அவளுக்கு இனி ரேஸ் வேண்டாம்.

தேவையா என்று கேட்டீர்கள். விடியற்காலையில் எழுந்து, ஒரு உயிருக்கு நேரத்துக்குத் தண்ணீர் மாற்றி, அது வரவில்லையென்றால் சோறு இறங்காமல் இருக்கிற பையன் உங்கள் பையன். நுரையீரல் நன்றாக இருந்தால், வளர்க்கட்டும் அம்மா.

ராயக்கோட்டை மலைப் பக்கம் பைரித் தொல்லை தாங்கவில்லை. பொறி வைத்துப் பிடிக்கலாமா? (வாசகர், ராயக்கோட்டை)

கூடவே கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தப் பாறைகளில் அது நமக்கு முன்னால் குடியிருக்கிறது. உள்ளூர்ப் பைரி குளிர்காலத்திலிருந்து கோடை தொடக்கம்வரை பாறை இடுக்கில் குஞ்சு பொரிக்கும். அதே மாதங்களில் வடக்கிலிருந்து வலசை வருகிற பைரிகளும் இங்கே இருக்கும். நம் ரேஸ் காலமும் அதுதான். தினமும் ஒரே நேரத்துக்குத் திறந்தால் அதற்குச் சாப்பாட்டு மணி அடித்த மாதிரி ஆகிவிடும், நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். நோஞ்சானைக் கூட்டத்தோடு விடாதீர்கள், முதல் அடி அதற்குத்தான். ஒரு வாரம் தொடர்ந்து அடித்தால் பத்து நாள் கூண்டை மூடி வையுங்கள். பெரும்பாலும் வேட்டை வேறு பக்கம் போய்விடும்.

ஒரு புறா கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றுகிறது. தானியத்தைக் கொத்தினால் குறி தவறுகிறது. எச்சம் தண்ணீராகப் போகிறது. சூனியம் என்கிறார்கள். (வாசகர், ஊத்தங்கரை)

சூனியம் இல்லை, பெரும்பாலும் பாராமிக்ஸோ வைரஸ். கோழிக்கு வருகிற ராணிக்கெட் நோய்க்குச் சொந்தக்காரன். இன்றே அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அதன் தண்ணீரும் தீனியும் மற்றவற்றுக்குப் போகக் கூடாது. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஆனால் கொத்த முடியாமல் பட்டினியில் சாவதுதான் அதிகம். ஆழமான கிண்ணத்தில் தீனி நிறைத்து வையுங்கள், குறி தவறினாலும் வாயில் ஏதாவது கிடைக்கும். முடியாவிட்டால் ஊறவைத்த பட்டாணியைக் கையால் ஊட்டுங்கள். பொறுமையாகப் பார்த்தால் சில வாரங்களில் பல புறாக்கள் தேறிவிடும். கழுத்துக் கோணல் சிலவற்றுக்குக் கொஞ்சம் நிற்கும். மற்றவற்றுக்குத் தடுப்பூசி போடுவது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் உடனே கேளுங்கள். இதே மாதிரி கழுத்துத் திருகல் வேறு நோயிலும் வரும் என்பதால் அவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. கூண்டு முழுதும் தேறும்வரை ரேஸ் கூடைக்கு ஒரு புறாவும் போகக் கூடாது. ஒரே கூடையில் ஊர்ப் புறாவெல்லாம் உட்காருகிறது, அடுத்தவன் கூண்டை நாம் அழிக்கக் கூடாது.

கொள்ளு கொடுக்கலாமா? (வாசகர், மத்தூர்)

தாராளமாக. நம் மண்ணில் விளைவது, புரதம் உள்ளது. குஞ்சு வளர்க்கும் காலத்தில் கொள்ளும் பச்சைப்பயறும் கூடுதலாக, ரேஸ் நெருங்கும்போது மக்காச்சோளமும் கொஞ்சம் நிலக்கடலையும் கூடுதலாக. ஈரம் பட்ட கடலை மட்டும் வேண்டாம், பூஞ்சை விஷம் ஈரலைத் தின்றுவிடும். செங்கல் பொடி, கிளிஞ்சல், அடுப்புக்கரி, கொஞ்சம் கல் உப்பு கலந்த தட்டு எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும்.

புறா எப்படி வழி கண்டுபிடிக்கிறது? (பத்தாம் வகுப்பு மாணவி, கிருஷ்ணகிரி)

ஒரே வழியில் அல்ல, பல வழிகளில் பாப்பா. சூரியன் இருக்கும் இடத்தையும் தன் உடம்புக்குள் ஓடும் நேரக் கணக்கையும் சேர்த்துத் திசை எடுக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் கீட்டன் என்பவர் புறாக்கள்மேல் சின்னக் காந்தம் கட்டி விட்டார். வெயில் நாளில் சரியாகப் போனவை, மேகமூட்டத்தில் திசை தடுமாறின. ஆக, பூமியின் காந்தப் புலத்தையும் அது உணர்கிறது. இத்தாலியில் பாப்பி என்பவரின் குழு, மோப்பம் இழந்த புறாக்கள் தெரியாத இடத்திலிருந்து திரும்பத் திணறுவதைக் காட்டியது. வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சாலை, ஏரி, மலை என்று பார்த்தே வருகிறது. நம் நாட்டில் ஒடிசா காவல்துறை 1946-ல் இதை வைத்துத் தபால் சேவையே தொடங்கியது. 1999 பெரும்புயலில் தொலைத்தொடர்பு அறுந்தபோதும் அந்தப் புறாக்கள் சேதி கொண்டுபோயின.

எங்கள் ஓட்டுவீட்டின் மேல் காலில் ரிங் போட்ட புறா ஒன்று நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. வளர்த்துக்கொள்ளலாமா? (வாசகர், காரிமங்கலம்)

அது யாரோ ஒருவர் வானத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிற புறா, ஐயா. வழியில் களைத்து இறங்கியிருக்கிறது. அகலமான சட்டியில் தண்ணீர் வையுங்கள், அப்புறம் கொஞ்சம் கம்பு. பூனை வராத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டே வந்தால் ரிங்கில் உள்ள எழுத்து, ஆண்டு, எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போன் எண் இருந்தால் உடனே பேசுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பக்கத்தில் ரேஸ் விடுகிறவரிடம் அந்த எண்ணைக் கொடுங்கள், எந்தச் சங்கத்து ரிங் என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். காயம் இல்லையென்றால் இரண்டு நாள் ஓய்வில் தானாகக் கிளம்பிவிடும். கிளம்பாமல் உங்கள் ஓட்டுமேலேயே சுற்றினால், தெளிந்த வானமுள்ள ஒரு காலையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து ஊருக்கு வெளியே, மின்கம்பி இல்லாத மேட்டில் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள்.